எட்டாவது விதியின் பொறுப்பாளர்

ஹைமாவதி நான்கு மாதத்தில் தலைமை அலுவலகத்துக்குப் பதினோரு விண்ணப்பங்கள் எழுதியிருந்தாள். பதினொன்றும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. தன் பிரிவை விசாகப்பட்டினத்திலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் ஹைதராபாத்தில் நடக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் மேலதிகாரிக்கு அதை அப்படிப் பச்சையாக எழுதிவிட முடியுமா? அதனால் காரணங்களாக எழுதினாள்.

கணவர் உருக்காலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார் என்று எழுதினாள். வெள்ளிக்கிழமை மாலை ரயில் ஏறினால் சனிக்கிழமை காலை வீட்டில் இருக்கலாம் என்று ரயில் அட்டவணையோடு பதில் வந்தது. தைராய்டுக்குப் பார்க்கும் டாக்டர் இங்கேதான் இருக்கிறார் என்று எழுதினாள். ஹைதராபாத்திலுள்ள ஆறு தைராய்டு டாக்டர்களின் பட்டியல் வந்தது, பேருந்து எண்களோடு. போன வருடம்தான் மதுரவாடாவில் மூன்றாவது மாடியில் வீடு வாங்கினோம், பால்கனியில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் ஒரு விரல் அகலத்துக்குக் கடல் தெரியும் என்று எழுதினாள். ஏரிக்கரைப் பக்கமாக வாடகை வீடு பார்த்துத் தரச் சொல்கிறேன் என்று பதில் வந்தது.

பதில் எழுதும் மதுகர் ஜூலகண்டி தலைமை அலுவலகத்தின் கணினித் துறைத் தலைவன். அவளைவிட ஒன்பது வயது சின்னவன். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் மனதாரத் திட்டியாவது ஆறியிருக்கலாம். அவன் ஒவ்வொரு காரணத்தையும் அக்கறையாகப் படித்து, அக்கறையாகத் தீர்த்துவைத்தான். அந்த அக்கறையை நினைத்தாலே ஹைமாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் அவனே, தெலுங்கு மரியாதைக்குப் பெயரோடு 'காரு' சேர்த்து, ஒரு வழி சொன்னான். "புது என்ஜினை நீங்களே ஏத்தி முடிங்க ஹைமா காரு. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு வந்துச்சுன்னா உங்க பிரிவு வைசாகிலயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் டைம். வரலேன்னா திங்கட்கிழமைல இருந்து ஹைதராபாத்."

சாமுத்ரிகா ஷிப்பிங் ஏஜென்சி என்பது துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு எல்லாக் காரியமும் பார்த்துக் கொடுக்கிற நிறுவனம். ஒரு கப்பல் வந்து போவதற்குள் நானூறு மின்னஞ்சல்கள் பறக்கும். அதில் எதை மூன்று வருடத்தில் அழிக்கலாம், எதைப் பத்து வருடம் வைக்கவேண்டும், எதை நிரந்தரமாகப் பூட்டிவைக்கவேண்டும் என்று பார்த்துப் பிரித்து அடுக்குவது ஒரு மென்பொருள். அதைத்தான் என்ஜின் என்பார்கள். சாதாரணம், முக்கியம், நிரந்தரம் என்று மூன்றே வகை. எந்தக் கடிதம் எந்த வகை என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கும் விதிகளைப் பழைய என்ஜினிலிருந்து புது என்ஜினுக்கு மாற்றுவதுதான் ஹைமாவதியின் வேலை. கேட்பதற்குப் பாத்திரத்தை ஒரு அலமாரியிலிருந்து இன்னொன்றில் எடுத்துவைப்பது போல இருக்கும். பாத்திரங்களை வாங்கிச் சேர்த்தவர் காமேஸ்வர ராவாக இல்லாதவரை அது சரிதான்.

காமேஸ்வர ராவ் இரண்டு வருடம் முன்பு ஓய்வு பெற்றுப்போனவர். பதினாலு வருடம் உட்கார்ந்து விதி விதியாக எழுதிக் குவித்தவர். முப்பத்தோராவது விதி: செவ்வாய்க்கிழமை வந்த கடிதத்தை எக்காரணம் கொண்டும் அழிக்கக்கூடாது. அறுபத்து நான்காவது விதி: அமாவாசையன்று வந்த ஒப்பந்தத்தை மறுநாள் வந்ததாகவே கொள்ளவேண்டும். நூற்றுப் பன்னிரண்டாவது விதி: கிரேன் என்ற சொல் எங்கே வந்தாலும் நிரந்தரம். ஏன் என்று கேட்டால் அதற்கும் ஒரு குறிப்பு இருந்தது. 'காரணம் எனக்குத் தெரியும்' என்று.

இந்த விதிகளைக் கட்டிக்கொண்டுதான் பழைய என்ஜின் நூற்றுக்கு அறுபத்தொன்று எடுத்துக்கொண்டிருந்தது. ஹைமாவதியும் அவளுடைய உதவியாளன் ஸ்வரூப்பும் நான்கு மாதம் மல்லுக்கட்டி, செவ்வாய்க்கிழமையைக்கூட விதியிலிருந்து எடுக்க முடியவில்லை. எதை எடுக்கவேண்டுமென்றாலும் அதை எழுதியவர் கையெழுத்துப் போடவேண்டும் என்பது நிறுவனத்தின் சட்டம். காமேஸ்வர ராவ் எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டார். போடச் சொல்லிக் கேட்கிற எந்த நாளிலும் நட்சத்திரம் சரியாக இருப்பதில்லை.

திங்கட்கிழமை காலை விதிகளின் கோப்பை அப்படியே புது என்ஜினில் ஏற்றினாள். சோதனைக்கு ஹைதராபாத்தின் சட்டப் பிரிவு ஐந்நூறு கடிதங்களை அனுப்பியிருந்தது. போன அரை வருடத்தில் இந்த அலுவலகத்திலிருந்து போன, வந்த கடிதங்கள்தான். அங்கே ஒன்பது பேர் மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கையால் வகை பிரித்து, விடையைப் பூட்டி வைத்திருந்தார்கள். அதே கடிதங்களை என்ஜின் மூன்று நாளில் பிரிக்கவேண்டும். அதற்குப் பிறகு இரண்டையும் ஒப்பிட்டு மதிப்பெண்.

"எவ்வளவு வரும்னு நெனைக்கிறே?" என்று கேட்டாள் ஹைமாவதி.

"நல்ல நாளா இருந்தா அறுபத்தி மூணு," என்றான் ஸ்வரூப். "மேடம், ஹைதராபாத்ல ஹாஸ்டல் பாத்து வெச்சுட்டேன். உங்களுக்கும் பக்கத்துலயே பாக்கட்டா?"

"வாயைக் கழுவு."

"கழுவிட்டுத்தான் பேசறேன். அங்க தண்ணி கஷ்டமாம், இங்கயே கழுவிக்கிறேன்."

செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஹைமாவதி சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பால்கனியில் நின்று அந்த ஒரு விரல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை போட்டு, வங்கிக்காரனிடம் கெஞ்சி, தங்க வளையலை விற்று வாங்கிய கடல் அது.

இந்த மூன்று நாளும் அலுவலகத்தில் இன்னொரு கலவரம் நடந்துகொண்டிருந்தது. பதினோரு மணிக் காப்பி பன்னிரண்டரைக்கு வந்தது. மூன்றரை மணி டீ, ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது வந்தது. பேண்ட்ரியைப் பார்த்துக்கொள்கிற அப்பலராஜு பதினொரு வருடம் சரக்குக் கப்பல்களில் சமையல்கட்டில் இருந்தவர். புயலில் கப்பல் சாய்ந்தபோதும் கேப்டனுக்கு நேரத்துக்கு டீ கொடுத்தவன் நான் என்று சொல்லிக்கொள்பவர். ஐம்பத்தெட்டு வயது. மொத்த அலுவலகமும் அவரை பாபாய் என்றுதான் கூப்பிடும், சித்தப்பா என்ற அர்த்தத்தில். அந்த பாபாய் மூன்று நாளாகக் கண்கள் சிவந்து, யாரிடமும் பேசாமல், கொண்டுவந்ததை மேஜையில் வைத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்.

கணக்குப் பிரிவு வராஹலுவுக்குச் சர்க்கரையில்லாத டீ வந்தது.

"என்ன பாபாய், சர்க்கரை தீந்துடுச்சா?"

"உங்களுக்குத் தீந்துடுச்சு வராஹலு காரு. முன்னூத்தி நாப்பது இருக்கு. வீட்ல வேற சொல்லாம வெச்சிருக்கீங்க. தப்பு."

வராஹலு அரை மணி நேரம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. காப்பீட்டுக்காரர்களுக்கு மட்டும் எழுதிய கடிதத்தில் இருந்த விஷயம் அது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மதிப்பெண் வந்தது. தொண்ணூற்றேழு.

ஹைமாவதி எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஸ்வரூப் எழுந்து நின்று ஒரு சின்ன ஆட்டம் ஆடிவிட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. நாம செஞ்ச வேலைக்கு தொண்ணூத்தேழு எப்படி வரும்?"

"ஏன் வராது? நாலு மாசம் உழைச்சோம்."

"உழைச்சோம். ஆனா எதையும் மாத்தலியே. அதே செவ்வாய்க்கிழமை, அதே அமாவாசை, அதே கிரேன். போன வாரம் அறுபத்தொண்ணு வாங்கின பையன் இந்த வாரம் தொண்ணூத்தேழு வாங்கினா, பக்கத்துல யார் உக்காந்திருந்தாங்கன்னு பாக்க வேணாமா?"

பார்க்காமல் இருந்திருக்கலாம். ஐந்து நிமிடம் அவளுக்கு அந்த ஆசை பலமாகவே இருந்தது. ஆனால் ஹைமாவதியின் சுபாவம் அப்படி இல்லை. அவள் பதிவேட்டைத் திறந்தாள். ஐந்நூறு கடிதத்தில் முதல் ஏழு விதிகள் முப்பத்தேழைப் பிரித்திருந்தன. மீதி நானூற்று அறுபத்து மூன்றையும் ஒரே ஒரு விதி பிரித்திருந்தது. எட்டாவது விதி.

"எட்டாவது விதி என்ன?" என்றாள்.

ஸ்வரூப் கோப்பை மேலிருந்து கீழ்வரை தேடினான். ஏழு இருந்தது. ஒன்பது இருந்தது. "எட்டே இல்ல மேடம்."

பதினேழும் இல்லை. இருபத்தாறும் இல்லை. கடைசி எண் நூற்றுத் தொண்ணூற்றொன்பது, ஆனால் எண்ணிப் பார்த்தால் விதிகள் நூற்று எழுபத்தேழுதான். இருபத்திரண்டு இடங்கள் பல் விழுந்த மாதிரி காலியாக இருந்தன. பதினாலு வருடமாக யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, ஹைமாவதி உட்பட.

காமேஸ்வர ராவுக்குப் போன் போட்டாள். பின்னணியில் குக்கர் சத்தம் கேட்டது.

"சார், எட்டாவது விதி எங்க சார்?"

"எட்டா? எட்டு சனியோட நம்பர் அம்மா. அதுல போய் யாராவது விதி எழுதுவாங்களா?"

"பதினேழு?"

"ஒண்ணும் ஏழும் எத்தனை?"

"இருபத்தாறு?"

"என்னம்மா, கூட்டல் தெரியாதா உனக்கு? கூட்டினா எட்டு வர்ற எதுலயும் நான் கை வெச்சதில்ல. அதனாலதான் பதினாலு வருஷம் அந்த என்ஜின் ஒரு தடவைகூட படுக்கல."

"இதை எங்கயாவது எழுதி வெச்சிருக்கலாமே சார்."

"எழுதினாலே அது வந்து சேந்துடும்மா," என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டார்.

பழைய என்ஜினுக்கு எண்களைப் பற்றிக் கவலையில்லை, இருப்பதைப் படித்துக்கொண்டு போகும். புது என்ஜின் படித்த பிள்ளை. வரிசையில் எட்டு இல்லை என்றதும், பாவம், மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று தானாகவே ஒரு வெற்று விதியை அங்கே செருகிவிட்டது. அந்த விதியில் நிபந்தனை எதுவும் இல்லை. நிபந்தனையே இல்லாத விதிக்கு உலகத்தில் எல்லாக் கடிதமும் பொருந்தும். ஆகவே முதல் ஏழு விதியில் மாட்டாத அத்தனையும் எட்டில் வந்து நின்றன. அவற்றை என்ன செய்வது என்றும் எட்டில் எழுதியிருக்கவில்லை. அதனால் என்ஜின் மரியாதையாக, விதியின் பொறுப்பாளரையே கேட்டது. பொறுப்பாளர் பெயரும் காலி. அதனால் ஊழியர் பட்டியலில் ஆங்கில அகரவரிசைப்படி முதலில் இருந்தவரைப் பொறுப்பாளராகப் போட்டுக்கொண்டது. மார்ச் மாதம் வரை முதலில் இருந்தவர் ஆதிநாராயணா. அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

இப்போது முதலில் இருப்பவர் அப்பலராஜு. கூட்டங்களுக்கு எத்தனை டீ என்று சொல்வதற்காக அவருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியும், பேண்ட்ரியில் பிஸ்கட் டப்பாக்களுக்கு நடுவில் ஒரு பழைய கணினியும் கொடுத்திருந்தார்கள்.

இரண்டு பேரும் பேண்ட்ரிக்கு ஓடினார்கள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பாபாய் அதைக் கவனிக்காமல் மூக்குக் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்து, ஒரு விரலால் ஒரு பொத்தானை அமுக்கினார்.

"பாபாய், என்ன பண்றீங்க?"

"நீங்க குடுத்த வேலையைத்தான்," என்றார் கோபமாக. "டீ ஆர்டருக்குப் புது சிஸ்டம் போடறீங்கன்னா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? திங்கட்கிழமை காலைல திறந்தா எல்லாருடைய லெட்டரும் என்கிட்ட நிக்குது. சாதாரணமா, முக்கியமா, நிரந்தரமான்னு கேக்குது. நான் ஒருத்தன், எத்தனைதான் படிப்பேன்?"

"எல்லாத்தையும் படிச்சீங்களா?" என்றான் ஸ்வரூப்.

"படிக்காம எப்படி அமுக்கறது? படிக்காம அமுக்கறவன் மனுஷனா?"

ஹைமாவதி அடுப்பை அணைத்தாள். நானூற்று அறுபத்து மூன்று சோதனைக் கடிதங்கள், அதற்கு மேல் மூன்று நாளில் வந்த புதுக் கடிதங்கள் வேறு. "எதை எதுல போடணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது பாபாய்?"

"அதுல என்ன இருக்கு? பின்னாடி இதை வெச்சு சண்டை வருமா வராதான்னு பாப்பேன். வராதுன்னா சாதாரணம். வரும்னா முக்கியம். கோர்ட்டு வரைக்கும் போற சண்டைன்னா நிரந்தரம். கப்பல்ல பதினொரு வருஷம் இருந்தேன்மா. எந்தப் பேப்பரால சண்டை வரும்னு எனக்குத் தெரியாதா?"

நூற்று எழுபத்தேழு விதிகளும் பதினாலு வருடமாகச் சொல்ல வந்து சொல்ல முடியாமல் போனது இதுதான். ஹைமாவதிக்கு அழுகையாக வந்தது. பாபாய் தன் பங்குக்கு ஒரு கோரிக்கை வைத்தார். வேலை இரண்டு மடங்கு ஆகிவிட்டதால் இன்னொரு கேஸ் அடுப்பு வேண்டும் என்றார்.

காலி விதிகளை நீக்கிவிட்டு என்ஜினைத் தனியாக ஓட்டிப் பார்த்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு மதிப்பெண் வந்தது. அறுபத்தொன்று. புது வண்டியில் பழைய சாமான் அப்படியே ஏறி உட்கார்ந்திருந்தது.

"சொல்லாம விட்டுடலாம் மேடம்," என்றான் ஸ்வரூப். "தொண்ணூத்தேழுன்னு மட்டும் அனுப்புவோம். பொய் இல்லையே."

"பாபாய் லீவு போட்டா?"

"டீயே இல்லாத அன்னிக்கு மெயில் மட்டும் எதுக்கு மேடம்?"

சிரித்துவிட்டாள். ஆனால் அன்று ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தாள். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மதுகருக்குப் போன் போட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். எட்டு, சனி, ஆதிநாராயணா, பிஸ்கட் டப்பா, எல்லாம்.

மதுகர் முதலில் கேட்டது ஒரே ஒரு வார்த்தை.

"மனுஷனா?"

"ஆமா சார்."

"டீ போடறவரா?"

"காப்பியும் போடுவார் சார்."

"அரே, எங்க சட்டப் பிரிவுல ஒன்பது பேர் மூணு வாரம் உக்காந்து பண்ணாங்க ஹைமா காரு. ஏசி ரூம்ல. இவர் தனியா, மூணு நாள்ல, டீ போட்டுக்கிட்டே?"

"டீ கொஞ்சம் லேட்டாச்சு சார்."

ஹைமாவதி கண்ணை மூடிக்கொண்டாள். திங்கட்கிழமை எந்த ரயில் என்று மனதுக்குள் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அட்டவணைதான் ஏற்கனவே கையில் இருக்கிறதே.

"நீங்க மறைக்காம சொன்னது நல்லதாப் போச்சு," என்றான் மதுகர். "தொண்ணூத்தேழுன்னா தொண்ணூத்தேழுதான். யார் வாங்கினா என்ன? நான் அவருக்கே நேரா எழுதறேன். அவரை இங்க கொண்டுவந்துடலாம். சம்பளம் மூணு மடங்கு, குவார்ட்டர்ஸ், எல்லாம் தர்றேன்."

பன்னிரண்டு மணிக்குக் கடிதம் பேண்ட்ரிக்குப் போனது. 'உயர்திரு அப்பலராஜு அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, பதவி, சம்பளம், வீடு, பயணப்படி என்று இரண்டு பக்கம். பன்னிரண்டு ஐந்துக்குப் பாபாய் பதில் எழுதினார். 'நான் வரவில்லை. அப்பலராஜு.' பன்னிரண்டு ஏழுக்கு மதுகர் எழுதினான். 'சரி, அப்பலராஜு காரு. அங்கேயே இருந்து செய்யுங்கள்.'

இரண்டு நிமிடம். ஹைமாவதி அந்த மூன்று கடிதத்தையும் மாற்றி மாற்றிப் படித்தாள். பன்னிரண்டரைக்கு அவளுக்கு மதுகரிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. எட்டாவது விதி இனிமேல் வைசாகில் நிரந்தரமாக இருக்கும். அதற்கு ஒரு கேஸ் அடுப்பும் அனுமதிக்கப்படுகிறது. பிரித்து வைக்கும் வேலையை அப்பலராஜு காருவே பார்த்துக்கொள்வதால் அங்கே தனிப் பிரிவு தேவையில்லை. ஆகவே ஹைமாவதியும் ஸ்வரூப்பும் திங்கட்கிழமை ஹைதராபாத்தில் சேரவும்.

ஸ்வரூப் அதைப் படித்துவிட்டு, "ஹாஸ்டல்ல அட்வான்ஸ் குடுக்கட்டுமா?" என்று கேட்டான். இந்த முறை அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஹைமாவதி பேண்ட்ரிக்குப் போனாள். கோபம் என்றால் கோபம், பொறாமை என்றால் பொறாமை, இரண்டும் அவளுக்கு இருந்தது. பாபாய் நின்றபடி புளிஹோரா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்கு வரலேன்னீங்க பாபாய்?"

"பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடைத் தண்ணியை என் வாசல்ல விடறான்மா. ஒன்பது வருஷ சண்டை. அடுத்த மாசம் வாய்தா. அதை அப்படியே விட்டுட்டு எப்படிப் போறது?"

"அதை மதுகர் சாருக்கு எழுதலியே நீங்க?"

"எழுதினா என்ன ஆகும்? வக்கீல் வெச்சுத் தர்றேன்னுவார். காரணத்தைக் குடுத்தா அதை சரிபண்ணிக் குடுத்துடறாங்கம்மா. அப்புறம் போகாம இருக்க முடியாது."

ஹைமாவதிக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அரை வருடத்துக் கடிதங்கள் என்றால், அவள் எழுதியவையும் அந்த ஐந்நூறில் இருந்திருக்குமே. பிஸ்கட் டப்பாவை நகர்த்திவிட்டுத் தேடினாள். இருந்தன. பதினொன்றும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'சாதாரணம்' என்று இருந்தது. மூன்று வருடத்தில் அழிக்கவும்.

"பாபாய், இது என் வாழ்க்கை. இதைப் போய் சாதாரணத்துல போட்டிருக்கீங்க."

பாபாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். "நீங்க எழுதினதுன்னுதான் ரெண்டு தடவை படிச்சேன். டாக்டர் இருக்கார், ரயில் இருக்கு, வீடு இருக்கு, வீட்டுக்காரர் இருக்கார். எல்லாம் இருக்கு. இதுல எங்க சண்டை? வரமாட்டேன்னு எங்கயுமே இல்லியேம்மா."

"அதை எப்படி எழுதறது, மேலதிகாரிக்கு?"

"எனக்கும் அவர் மேலதிகாரிதானே."

மதிப்பெண்ணோடு வந்திருந்த சட்டப் பிரிவின் விடைப் பட்டியலையும் திறந்து பார்த்தாள். அந்த ஒன்பது பேரும் பதினொன்றையும் 'சாதாரணம்' என்றே போட்டிருந்தார்கள். தொண்ணூற்றேழில் அதுவும் சேர்த்தி. நான்கு மாதம், பதினொரு கடிதம், இருபத்து மூன்று காரணம். படித்த பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட அவளுக்கு என்ன வேண்டும் என்று புரியவில்லை. அவமானமாக இருந்தது. அவர்கள் மேல் குற்றமில்லை என்று தெரிந்தபோது இன்னும் அவமானமாக இருந்தது.

இருக்கைக்குத் திரும்பி வந்தபோது மணி நாலேகால். புதுக் கடிதத்தைத் திறந்தாள். பழக்கத்தில் கை 'தங்களின் மேலான கவனத்துக்கு' என்று அடித்துவிட்டது. அழித்தாள். 'மேற்படி விஷயமாக' என்று அடித்தது. அதையும் அழித்தாள். பிறகு கையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு, எடுத்து, ஒரே மூச்சில் அடித்தாள். 'நான் ஹைதராபாத்துக்கு வரமாட்டேன். ஹைமாவதி.'

பின்னால் நின்று படித்த ஸ்வரூப், "கீழ காரணம் போடலியா மேடம்?" என்றான்.

"இல்ல."

"ஒண்ணாவது?"

"ஒண்ணுகூட இல்ல."

அனுப்பிவிட்டாள். இருபத்திரண்டு வருட வேலையில் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை அவள். வேலை போய்விடும், ஏன், போலீஸ்கூட வரும் என்று தோன்றியது. ஸ்வரூப் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நாலு இருபத்தாறுக்குப் பதில் வந்தது.

'சரி, ஹைமா காரு. அங்கேயே இருந்து எட்டாவது விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே. நான் நாலு மாதமாக உங்களுக்கு டாக்டர் தேடிக்கொண்டிருந்தேன்.'

ஹைமாவதி முதலில் சிரித்தாள். பிறகு மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். அந்த நாலு மாதத்தை நினைத்து அழுதாளா, மூன்றாவது மாடியை நினைத்து அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. சந்தோஷம்தான், ஆனால் யாரையாவது நாலு அறை அறையவேண்டும் போலவும் இருந்தது. தேடிப் பார்த்தால் அறைவதற்குத் தன்னைத் தவிர ஆள் இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஸ்வரூப் தன் கணினியில் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தான். மணி நாலரை, ஐந்து மணிக் கெடுவுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எட்டிப் பார்த்தாள். 'பெருமதிப்பிற்குரிய ஐயா, என் தாயாருக்கு மூட்டு வலி இருப்பதாலும், எனக்குக் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருப்பதாலும், ஹைதராபாத் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று' வரைக்கும் போயிருந்தான்.

அவள் கையை நீட்டி, அழிக்கும் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.